ஹாம்லெட் படத்துல ஃபோர்டின்பிராஸ் இல்லாம போனது பெரிய விஷயமா?

மேடைநிழல்:
அப்பாவைக் கொன்ன சித்தப்பாவைப் பழிவாங்கத் தயங்குற டென்மார்க் இளவரசனைப் பத்தின ஷேக்ஸ்பியரோட ஹாம்லெட் நாடகத்தை முழுசா படிச்சு முடிச்ச கையோட லாரன்ஸ் ஒலிவியர் நடிச்சு இயக்குன 1948 படத்தைப் பாத்தேன். அபாரமான படம், அதுல சந்தேகமே இல்ல, ஆனா முடியுறப்ப ஏதோ விட்டுப்போன மாதிரி இருந்துச்சு, அப்புறம்தான் உறைச்சுது, நார்வே இளவரசன் ஃபோர்டின்பிராஸ் படத்துலயே இல்ல. ஹாம்லெட்டை ஒரு வீரனுக்குரிய மரியாதையோட தூக்கிட்டுப் போங்கன்னு கடைசில அவன் சொல்ற வசனத்தைப் படத்துல ஹாம்லெட்டோட நண்பன் ஹொரேஷியோ சொல்றான். நாடகத்துலயே அவன் மேடைக்கு வர்றது ரெண்டே இடம். அவ்ளோ சின்ன ரோலை எடுத்ததுக்கு இவ்ளோ வித்தியாசம் தெரியுமா, இல்ல எனக்கு மட்டும்தான் இப்படித் தோணுதா?

வாசல்திரை:
உங்களுக்கு மட்டும் இல்ல. மேடைக்கு வர்றதுதான் ரெண்டு தடவை, பேரு முதல் சீன்லயே அடிபட ஆரம்பிச்சிடுது. கோட்டைல காவல் நிக்கிறவங்க பேசிக்கிறதைத் திரும்பப் படிங்க. தினமும் பீரங்கி வார்க்குறாங்க, கப்பல் கட்டுறவங்களுக்கு ஞாயித்துக்கிழமைகூட ஓய்வு இல்ல, எல்லாம் இவன் படை திரட்டுறான்ங்கிற பயத்துல. ஹாம்லெட் அப்பாவோட ஆவி ஒரு பக்கம் வர, இன்னொரு பக்கம் நாடு மொத்தமும் தூங்காம கிடக்கு.

இன்னொண்ணு, ஹாம்லெட்டோட அப்பா ஒத்தைக்கு ஒத்தை சண்டைல கொன்னது இவனோட அப்பாவைத்தான். அப்போ ஹாம்லெட், ஹாம்லெட் கையால அப்பாவை இழந்த லேயர்டீஸ், ஃபோர்டின்பிராஸ்னு அப்பாவைப் பறிகொடுத்த மூணு பசங்க கதை இது, அதுல ஒருத்தனை எடுத்தா மத்த ரெண்டு பேரை அளக்க அளவுகோல் இல்லாமப் போயிடுது. நாலாவது அங்கத்துல அஞ்சு காசு குத்தகைக்குக்கூட பெறாத ஒரு துண்டு நிலத்துக்காக அவன் படை சாகப் போறதைப் பாத்து ஹாம்லெட் வெக்கப்பட்டுத் தனியா பேசுவானே, 20,000 பேர் படுக்கையில படுக்கப்போற மாதிரி சவக்குழிக்குப் போறாங்க, நான் என்ன பண்ணிட்டு இருக்கேன்னு, அந்தப் பேச்சும் படத்துல இல்ல. அவனைத் தூக்குனா இதுவும் தானா போயிடும்.

கேமராகண்:
நான் கொஞ்சம் வேற மாதிரி பாக்குறேன். அந்தப் படம் முழுக்க படிக்கட்டு, தூண், காலியான நடை, அதுக்குள்ள அலையுற கேமரா. மனசை முடிவுக்குக் கொண்டுவர முடியாத ஒருத்தனோட துயரம்னு ஆரம்பத்துலயே குரல் சொல்லிடுது, அந்தக் கதைக்கு வெளிநாட்டுப் படை எதுக்கு? 1996ல கென்னத் பிரானா ஏறக்குறைய முழு நாடகத்தையும் நாலு மணி நேரத்துக்கு எடுத்தார், அதுல கடைசி வாள் சண்டை நடக்குறப்பவே ஃபோர்டின்பிராஸ் படை அரண்மனையை நெருங்குறதை மாத்தி மாத்திக் காட்டுவாங்க. எனக்கு அங்க சண்டையோட பதட்டம் குறைஞ்சுதான் போச்சு. ஆனா முடிவுல ஹாம்லெட் அப்பாவோட சிலையை அடிச்சு நொறுக்குறாங்க பாருங்க, அது ஃபோர்டின்பிராஸ் இல்லாம வரவே வராது, அதை ஒத்துக்குறேன்.

ஒத்திகை:
நீங்க எல்லாரும் ஃபோர்டின்பிராஸையே பேசுறீங்க, 1948 படத்துல ரோசன்கிரான்ட்ஸும் கில்டன்ஸ்டெர்னும்கூட கிடையாது, என்னைக் கேட்டா அதுதான் பெரிய இழப்பு. கூடப் படிச்ச பசங்களே ராஜாவுக்கு உளவு பாக்க வந்திருக்காங்க, ஹாம்லெட் ஒரு குழலை எடுத்து இதை வாசின்னு நீட்டுறான், தெரியாதுங்கிறாங்க, இந்தத் துண்டுக் குழலையே வாசிக்கத் தெரியல, என்னை மட்டும் வாசிச்சிடலாம்னு நினைச்சியான்னு கேப்பான். அந்தக் கோவம் படத்துல எங்கயும் இல்ல. அதைவிட முக்கியம், ஹாம்லெட்டைக் கொல்லச் சொல்லி ராஜா அவங்ககிட்ட குடுத்தனுப்புன கடிதத்தை மாத்தி எழுதி அந்த ரெண்டு பேரையும் சாவுக்கு அனுப்புறதே ஹாம்லெட்தான், அப்புறம் ஹொரேஷியோகிட்ட அது என் மனசாட்சிய உறுத்தலன்னு வேற சொல்றான். அவங்களை எடுத்தா அவன் கையில இருக்குற ரத்தமும் சேர்ந்து கழுவப்பட்டுடுது. படத்துல நாம பாக்குறது அசலைவிட நல்லவனான ஒரு ஹாம்லெட்.

மேடைநிழல்:
ஒத்திகை, இது எனக்குத் தோணவே இல்ல, ரொம்ப நன்றி. இப்ப கடைசி அஞ்சு நிமிஷத்தை மறுபடி ஓட்டிப் பாத்தேன். உடலைத் தூக்கிட்டுக் கோபுரத்துக்குப் படியேறுறப்ப அம்மாவோட கட்டிலைக் கேமரா காட்டிட்டுப் போகுது. நாடகத்துல அந்நேரம் நாடு யார் கைக்குப் போகுதுன்னு பேச்சு நடக்கும், இங்க அந்தக் கேள்வியையே யாரும் கேக்கல, ஒரு வீட்டோட துக்கமா முடிஞ்சிடுது.