கலைச்சொல் வேண்டும்: புராஸ்டேட்டை ஒட்டிய பிறவி நீர்க்கட்டிகள்

கோவையிலிருந்து, மொழிபெயர்ப்பாளர்:
நோயாளர் கையேடு ஒன்றை வெள்ளிக்கிழமைக்குள் தர வேண்டும். புராஸ்டேட் என்பது ஆண்களுக்குச் சிறுநீர்ப்பைக்குக் கீழே இருக்கும் சுரப்பி. அதை ஒட்டி உடலின் நடுக்கோட்டில் வரும் கட்டிகள் இரண்டு. யூட்ரிக்கிள் என்பது அந்தச் சுரப்பிக்குள் இருக்கும் சிறு பை. யூட்ரிக்கிள் கட்டிக்குச் சிறுநீர்க் குழாயோடு திறப்பு இருக்கும். சிறுநீர் கழித்த பிறகும் சொட்டும். முல்லேரியன் நாளக் கட்டிக்குப் பெரும்பாலும் திறப்பு இராது. சுரப்பிக்கு மேலேயும் எழும்பும். கருவில் எல்லாருக்கும் அந்த நாளம் உண்டு. ஆண் கருவில் விரை சுரக்கும் ஹார்மோனால் அது கரைந்துவிடும். கரையாமல் நின்றதுதான் கட்டியாகிறது. இரண்டுக்கும் தனிப்பெயர் சொல்லுங்கள்.

ஈரோட்டிலிருந்து, தமிழாசிரியர் (ஓய்வு):
யூட்ரிக்கிள் என்றால் இலத்தீனில் சிறு தோற்பை. நம்மிடம் கொல்லர் உலைக்குக் காற்றூதும் துருத்தி இருக்கிறதே! குறுந்தொகை 172இல் வரும் 'உலைவாங்கு மிதிதோல்' அதுதான். ஆற்றிடைக்குறைக்கும் துருத்தி என்று பெயர். காங்கயம்பாளையத்தில் காவிரி இருபுறமும் ஓட, நட்டாற்றீசுவரர் கோயில் நடுவே நிற்கிறதல்லவா? இந்தப் பையும் அப்படித்தான், இரண்டு பக்கமும் விந்துக் குழாய்கள் திறக்க நடுவில் இருக்கிறது. 'சிறுதுருத்தி' என்றே வையுங்கள்.

பொள்ளாச்சியிலிருந்து, செவிலியர் பயிற்சி ஆசிரியை:
ஐயா, சொல் அருமைங்க. ஆனால் எங்கள் பிள்ளைகளுக்குத் துருத்தி என்றால் கொல்லுப்பட்டறைதான். வெறும் 'கட்டி' என்றால் புற்று என்று பயந்துவிடுவார்கள். 'நீர்க்கட்டி' என்றால் "அது பொம்பளைங்களுக்குத்தானுங்க வரும்?" என்பார்கள். ஆகவே பிறவி என்ற சொல் கட்டாயம் வேண்டும். 'பிறவி நடுப்பை நீர்க்கட்டி', 'கருநாள எச்ச நீர்க்கட்டி' எப்படி?

சேலத்திலிருந்து, மருத்துவர்:
நடுப்பை சரி. எச்சம் வேண்டாம், பல்லி எச்சம்தான் நினைவுக்கு வரும். விந்துப்பை நீர்க்கட்டியை இதில் சேர்த்துவிடாதீர்கள். அது பக்கவாட்டில் வருவது. சிலருக்கு அந்தப் பக்கச் சிறுநீரகமே இருக்காது. அப்புறம், புராஸ்டேட்டை அப்படியே விடுங்கள். முன்னிற்குஞ்சுரப்பி என்று எழுதினால் ஸ்கேன் சீட்டோடு ஒப்பிட்டுப் பார்க்க முடியாது.

ஈரோட்டிலிருந்து:
எச்சத்தைப் பல்லியிடம் விட்டுவிடுவதா? பெயரெச்சம், வினையெச்சம் எல்லாம் என்னாவது? 'எச்சத்தாற் காணப் படும்' என்ற குறளில் எச்சத்துக்கு மக்கட்பேறு என்றே உரை சொல்கிறார்கள்.

பொள்ளாச்சியிலிருந்து:
அதனால்தான் ஐயா எனக்கும் இப்போது தயக்கம். இந்தக் கட்டி விந்துக் குழாயை அழுத்திப் பிள்ளைப்பேறு தள்ளிப்போய் வருகிறவரிடம் அந்தச் சொல்லை எப்படி நீட்டுவது? எச்சத்தை நானே எடுத்துவிடுகிறேன்.

கோவையிலிருந்து:
சரி, 'பிறவி நடுப்பை நீர்க்கட்டி', 'பிறவிக் கருநாள நீர்க்கட்டி' என்று அனுப்புகிறேன். மூன்று பேர் ஒப்புகிறோம்.

ஈரோட்டிலிருந்து:
கையேட்டுக்கு அது போதும். கலைச்சொல் அகராதி என்று வரும்போது சிறுதுருத்திக்கு மறுபடி வாதாடுவேன்.