புதிதாக அசெம்பிள் செய்த சிஸ்டம்: ஃபேன் எல்லாம் சுற்றுகிறது, டிஸ்ப்ளே மட்டும் வரவில்லை

பாளைக்காரன், வெள்ளி இரவு 11:20

எல்லோருக்கும் வணக்கம். தங்கை பி.ஆர்க் இரண்டாம் ஆண்டு படிக்கிறாள். வீட்டில் இருக்கும் பழைய லேப்டாப்பில் கட்டட மாடலைத் திறந்தாலே அப்படியே உறைந்து நின்றுவிடுகிறது என்பதால் ஆறு மாதம் பணம் சேர்த்து, வாழ்க்கையில் முதல் முறையாக இன்று நானே ஒரு சிஸ்டம் அசெம்பிள் செய்தேன். மதியம் 2 மணிக்கு உட்கார்ந்தது, இப்போது மணி பதினொன்றைத் தாண்டிவிட்டது.

பவர் பட்டனை அழுத்தினால் பிராசசர் ஃபேன், கேபினட் ஃபேன் எல்லாம் சுற்றுகிறது, கேபினட் லைட் எரிகிறது, கிராஃபிக்ஸ் கார்டு ஃபேன் கொஞ்ச நேரம் சுற்றிவிட்டு நின்றுவிடுகிறது. மானிட்டரில் மட்டும் 'நோ சிக்னல்' என்று வந்து அணைந்துவிடுகிறது. பீப் சத்தமும் இல்லை.

போட்டிருப்பவை: ரைசன் 5 5600 (புதுசு), பி450 மதர்போர்டு, 8 ஜிபி டிடிஆர்4 ரேம் இரண்டு, ஆர்எக்ஸ் 6600 கிராஃபிக்ஸ் கார்டு, 550 வாட் எஸ்எம்பிஎஸ் (பவர் சப்ளை), 500 ஜிபி எஸ்எஸ்டி. மதர்போர்டு மட்டும் பழசு, சித்தப்பா மகன் 2019-இல் வாங்கியது. அவன் போன மாதம் வரை அதில்தான் வேலை பார்த்தான், ஒரு குறையும் இல்லை என்கிறான்.

மானிட்டரை லேப்டாப்பில் போட்டுப் பார்த்துவிட்டேன், நன்றாக இருக்கிறது. எச்டிஎம்ஐ கேபிளை மதர்போர்டிலும் குத்திப் பார்த்தேன், கார்டிலும் குத்திப் பார்த்தேன், கேபிளையே மாற்றியும் பார்த்தேன். ரேமைக் கழற்றி மாட்டினேன். சென்னை ரிச்சி தெருவில் பொருள் வாங்கிய கடைக்குப் போன் போட்டால், மதர்போர்டு எங்களிடம் வாங்கவில்லையே, நாங்கள் என்ன செய்ய முடியும் என்கிறார்கள். திங்கட்கிழமை அவள் வரைபடம் சமர்ப்பிக்க வேண்டும். எங்கிருந்து பார்க்க ஆரம்பிப்பது?

மலைக்கோட்டை, வெள்ளி இரவு 11:48

சகோ, பெரும்பாலும் இது ரேம்தான். இரண்டையும் கழற்றி, அந்தத் தங்க நிறக் காலை அழிரப்பரால் மெதுவாகத் தேய்த்து, தூளை ஊதிவிட்டு மாட்டுங்கள். அதிலும் வரவில்லை என்றால் பிராசசரைக் கழற்றி அடியில் பின் ஏதும் வளைந்திருக்கிறதா என்று பாருங்கள். கார்டு வேறு போட்டிருக்கிறீர்கள், 550 வாட் பற்றாமலும் இருக்கலாம், யாரிடமாவது பெரிய எஸ்எம்பிஎஸ் இருந்தால் வாங்கிப் போட்டுப் பாருங்கள்.

சால்டர்அண்ணாச்சி, சனி காலை 12:15

தம்பி, பிராசசரில் இப்போதைக்குக் கை வைக்காதீர்கள். மலைக்கோட்டை சொல்வது தப்பில்லை, ஆனால் அது கடைசியில் செய்ய வேண்டிய வேலை. உங்களுடையது மாதிரி ஏஎம்4 சாக்கெட்டில் உட்காரும் பிராசசரில் ஊசி மாதிரியான பின் எல்லாம் பிராசசரின் அடியில்தான் இருக்கிறது, கூலரை நேராகப் பிடித்து இழுத்தால் பேஸ்ட்டோடு ஒட்டிக்கொண்டு பிராசசரும் சாக்கெட்டிலிருந்து பிடுங்கிக்கொண்டு வரும், பின் வளைவது அப்போதுதான். கழற்றியே தீர வேண்டும் என்றால் கூலரை இடம் வலமாகத் திருகித் திருகித் தளர்த்திவிட்டுத்தான் தூக்க வேண்டும். எஸ்எம்பிஎஸ் பற்றியும் கவலை வேண்டாம். 5600 என்பது 65 வாட் பிராசசர், 6600 கார்டு 132 வாட், இரண்டையும் கூட்டி மற்றதெல்லாம் சேர்த்தாலும் 550-இல் பாதிதான் வரும்.

நான் சர்வீஸ் வேலையில் இருக்கிறேன், நோ டிஸ்ப்ளே கம்ப்ளைன்ட்தான் எங்களுக்கு அதிகம் வரும். ஃபேன் சுற்றுகிறதே என்று எல்லோரும் சொல்வார்கள். ஃபேன் சுற்றுவதற்கு 12 வோல்ட் வந்தால் போதும், பிராசசரே இல்லாத போர்டில்கூடச் சுற்றும், அதை வைத்து ஒன்றும் முடிவு செய்ய முடியாது. போர்டு என்ன சொல்கிறது என்று பார்க்க வேண்டும்.

மூன்று விஷயம் பார்த்துச் சொல்லுங்கள். ரேமுக்குப் பக்கத்திலோ போர்டின் வலது ஓரத்திலோ நான்கு சின்ன லைட் இருக்கும், பக்கத்தில் சிபியு (பிராசசர்), டிராம் (ரேம்), விஜிஏ (கிராஃபிக்ஸ் கார்டு), பூட் என்று அச்சிட்டிருக்கும். அதில் எது எரிந்து நிற்கிறது? ஆன் செய்ததும் ஒவ்வொன்றாக எரிந்து அணையும், கடைசியில் எது அணையாமல் நிற்கிறதோ அதுதான் நமக்குத் தேவை. இரண்டாவது, கீபோர்டில் நம்லாக் பட்டனை அழுத்தினால் அதன் லைட் மாறி மாறி எரிகிறதா? எரிந்தால் சிஸ்டம் உள்ளுக்குள் ஓடுகிறது, படம் மட்டும்தான் வரவில்லை என்று அர்த்தம். மூன்றாவது, போர்டின் இடது மேல் மூலையில் பிராசசருக்கென்று தனியாக ஒரு 8 பின் பவர் இருக்கும், அதில் எந்தக் கேபிளைப் போட்டீர்கள்? நாலும் நாலுமாகப் பிரிகிற கேபிள்தான் அங்கே போக வேண்டும். ஆறும் இரண்டுமாகப் பிரிவது கிராஃபிக்ஸ் கார்டுக்கு உள்ளது, பார்க்க ஒரே மாதிரிதான் இருக்கும், ஆனால் உள்ளே வயர் வரிசை வேறு. இறங்கவில்லை என்று அழுத்திக் குத்திவிடாதீர்கள்.

இன்னொன்று. 5600-இல் உள்ளேயே டிஸ்ப்ளே கிடையாது. பெயரில் 'ஜி' என்று முடிகிற 5600ஜி-யில்தான் உண்டு. அதனால் எச்டிஎம்ஐ கேபிளைக் கார்டில் மட்டும் குத்துங்கள், போர்டில் எத்தனை தடவை குத்தினாலும் படம் வராது.

பாளைக்காரன், சனி காலை 12:40

அண்ணாச்சி, இந்த நேரத்தில் இவ்வளவு பொறுமையாக எழுதியதற்கு ரொம்ப நன்றி. கேபினட்டைப் படுக்க வைத்து டார்ச் அடித்துப் பார்த்தேன். நாலும் நாலுமாகப் பிரிகிற கேபிள்தான் போட்டிருக்கிறேன், முழுதாக இறங்கியிருக்கிறது. நம்லாக் எரியவே இல்லை. லைட்டில் சிபியு என்று போட்ட இடத்தில் சிவப்பு எரிகிறது, ஐந்து நிமிடம் பார்த்தேன், அணையவில்லை. அப்படியென்றால் பிராசசர் போய்விட்டதா? அது ஒன்றுதான் இதில் விலை அதிகமான பொருள், கார்டுக்கு அடுத்து.

சால்டர்அண்ணாச்சி, சனி காலை 12:58

இல்லை தம்பி, நிம்மதியாகப் படுங்கள். புதுப் பிராசசர் அப்படி லேசில் போகாது. அந்த லைட்டுக்கு 'பிராசசர் பழுது' என்று மட்டும் பொருள் இல்லை, 'இந்தப் பிராசசரோடு என்னால் பேச முடியவில்லை' என்றுதான் போர்டு சொல்கிறது. உங்கள் விஷயத்தில் காரணம் எனக்குத் தெளிவாகத் தெரிகிறது.

பி450 சிப்செட் 2018-இல் வந்தது. உங்கள் தம்பி அந்த போர்டை வாங்கியது 2019-இல். ரைசன் 5000 வரிசை வந்ததே 2020 நவம்பரில், அதிலும் இந்த 5600 வந்தது 2022 ஏப்ரலில். சாக்கெட் ஒன்றுதான், அதனால் பிராசசர் கச்சிதமாக உட்காரும். ஆனால் போர்டில் இருக்கும் பயோஸ், அதாவது ஆன் செய்ததும் முதலில் ஓடுகிற சின்ன மென்பொருள், எழுதப்பட்ட காலத்தில் இப்படி ஒரு பிராசசரே கிடையாது, அதற்கு இதை அடையாளம் தெரியாது. அவன் பழைய பிராசசரை வைத்து ஓட்டியபோது நடுவில் பயோஸ் அப்டேட் செய்தானா என்று கேளுங்கள். நன்றாக ஓடுகிற போர்டில் யாரும் செய்வதில்லை.

போர்டின் பின்பக்கம், யுஎஸ்பி எல்லாம் இருக்கும் இடத்தில் சின்னதாக ஒரு பட்டன் இருக்கிறதா, பக்கத்தில் ஃபிளாஷ் என்று ஏதாவது எழுதியிருக்கிறதா என்று பாருங்கள். எல்லா பி450-இலும் இருக்காது. இருந்தால் வீட்டிலேயே சரி செய்துவிடலாம். இல்லையென்றால் பழைய ரைசன் ஒன்றை ஒரு மணி நேரத்துக்கு இரவல் வாங்கிப் போட்டு அப்டேட் செய்ய வேண்டும், உங்கள் தம்பியிடம் அவனுடைய பழைய பிராசசர் இருந்தால் அதுவே போதும்.

பாளைக்காரன், சனி காலை 8:05

அவனிடம் கேட்டேன், வாங்கிய நாளிலிருந்து பயோஸைத் தொட்டதே இல்லையாம். பழைய பிராசசரை விற்றுவிட்டான். ஆனால் பட்டன் இருக்கிறது! பக்கத்தில் ஒரு யுஎஸ்பி போர்ட்டுக்கு மட்டும் தனியாகக் கட்டம் போட்டிருக்கிறது. இதை எப்படிச் செய்வது, தப்பாகப் போனால் போர்டு போய்விடுமா?

சால்டர்அண்ணாச்சி, சனி காலை 8:30

நல்லது. போர்டு கம்பெனியின் தளத்தில் உங்கள் மாடலைத் தேடுங்கள். மாடல் பெயர் போர்டிலேயே பெரிதாக அச்சிட்டிருக்கும், ஓர் எழுத்துகூட மாறக் கூடாது, கடைசியில் ஒரு வார்த்தை கூடுதலாக இருந்தால் அது வேறு போர்டு. அதில் பிராசசர் பட்டியலில் 5600-க்கு நேராக எந்த பயோஸிலிருந்து வேலை செய்யும் என்று போட்டிருப்பார்கள், அதையோ அதற்குப் பிறகு வந்ததையோ இறக்குங்கள். பென்டிரைவை ஃபேட்32-இல் ஃபார்மட் செய்து, ஃபைலை ஜிப்பிலிருந்து பிரித்து, வேறு எந்த ஃபோல்டருக்குள்ளும் வைக்காமல் வெளியிலேயே போடுங்கள். ஃபைலுக்கு என்ன பெயர் வைக்க வேண்டும் என்று மேனுவலில் இருக்கும். நிறைய பேர் தடுக்கி விழுவது இந்தப் பெயரில்தான், ஒரு புள்ளி மாறினாலும் போர்டு கண்டுகொள்ளாது.

அப்புறம் சிஸ்டத்தை ஆன் செய்யாமல், எஸ்எம்பிஎஸ் சுவிட்சை மட்டும் போட்டு, கட்டம் போட்ட போர்ட்டில் பென்டிரைவைக் குத்தி, பட்டனைச் சில விநாடி அழுத்திப் பிடியுங்கள். லைட் மின்ன ஆரம்பிக்கும். ஐந்து நிமிடத்துக்கு மேலும் ஆகலாம், நின்ற பிறகுதான் தொட வேண்டும். அந்த நேரத்தில் கரண்ட் போனால்தான் சிக்கல். வீட்டில் யுபிஎஸ் இருந்தால் அதில் குத்திச் செய்யுங்கள், இல்லையென்றால் இன்று உங்கள் பக்கம் மின்தடை அறிவித்திருக்கிறார்களா என்று முதலில் பார்த்துவிடுங்கள்.

கீரிமலை, சனி காலை 10:10

இடையில் வருவதற்கு மன்னிக்கவும். அண்ணை, நான் யாழ்ப்பாணம். எனக்கும் இதே பிரச்சினை, ஆனால் என்னுடையது புது போர்டு, ஏஎம்4-க்கு அடுத்து வந்த ஏஎம்5 சாக்கெட், ரைசன் 5 7600, டிடிஆர்5 ரேம் 32 ஜிபி. எல்லாம் வடிவாகப் பார்த்துத்தான் பூட்டினேன். எனக்கு டிராம் லைட் எரிகிறது. ஒரு நிமிடம் பார்ப்பேன், படம் வராது, நிறுத்திவிட்டுத் திரும்பப் போடுவேன். நேற்றிலிருந்து இருபது தடவையாவது செய்திருப்பேன்.

சால்டர்அண்ணாச்சி, சனி காலை 10:25

தம்பி, நிறுத்தாதீர்கள், காரணமே அதுதான். டிடிஆர்5 போட்ட ஏஎம்5 போர்டு முதல் தடவை ரேமைப் பல அளவுகளில் சோதித்து, எந்த அளவில் ஒழுங்காகப் பேசுகிறது என்று தனக்குள் பதிந்துகொள்ளும். அது முடியும்வரை திரை கறுப்பாகத்தான் இருக்கும், சில போர்டில் பல நிமிடம் எடுக்கும். நீங்கள் நடுவில் நிறுத்தினால் அது மறுபடி முதலிலிருந்து ஆரம்பிக்கும். ரேம் இரண்டும் பிராசசரிலிருந்து எண்ணினால் இரண்டாவது, நான்காவது இடத்தில் இருக்கட்டும். எச்டிஎம்ஐயைப் போர்டிலேயே குத்துங்கள், 7600-இல் உள்ளே டிஸ்ப்ளே உண்டு. போட்டுவிட்டு ஒரு தேநீர் குடித்துவிட்டு வாருங்கள், பதினைந்து நிமிடத்துக்குத் தொட வேண்டாம்.

கீரிமலை, சனி காலை 11:02

வந்துவிட்டது அண்ணை! ஆறுதலாக இருந்து பார்த்தேன், ஏழு நிமிடத்தில் தானாக ஒருமுறை நின்று எழும்பிப் படம் வந்தது. பெரிய உதவி.

பாளைக்காரன், சனி மதியம் 1:35

பயோஸ் ஏறிவிட்டது, பக்கத்து வீட்டு யுபிஎஸ்ஸைத் தூக்கி வந்து செய்தேன். சிபியு லைட் அணைந்துவிட்டது. ஆனால் இப்போது டிராம் லைட் எரிந்து நிற்கிறது. பத்து நிமிடம் காத்திருந்து பார்த்தேன், மாறவில்லை.

சால்டர்அண்ணாச்சி, சனி மதியம் 1:50

ஒரு படி மேலே வந்துவிட்டீர்கள். உங்களுடையது டிடிஆர்4, இவ்வளவு நேரம் எடுக்காது. ஒரு ரேமைக் கழற்றி வையுங்கள், ஒன்றை மட்டும் பிராசசரிலிருந்து இரண்டாவது இடத்தில் போடுங்கள். உங்கள் போர்டில் ரேம் பூட்டு ஒரு பக்கம் மட்டும்தான் இருக்கும் என்று நினைக்கிறேன். அப்படியென்றால் பூட்டு இல்லாத பக்கத்தைக் குனிந்து பாருங்கள். தங்கக் கால் ஒரு நூல் அளவு வெளியே தெரிந்தாலும் அது உட்காரவில்லை.

பாளைக்காரன், சனி மதியம் 2:20

அண்ணாச்சி, அதேதான். பூட்டு இருக்கும் பக்கம் சரியாக மூடியிருந்தது, அதைப் பார்த்துத்தான் மாட்டிவிட்டது என்று நினைத்திருந்தேன். கிராஃபிக்ஸ் கார்டுப் பக்கம் இருக்கும் முனையில் மெல்லிசாக ஒரு தங்கக் கோடு தெரிந்தது. போர்டு வளைந்துவிடுமோ என்று பயந்து பயந்து அழுத்தியிருக்கிறேன். தங்கைதான் இரண்டு கட்டைவிரலையும் வைத்து அழுத்தினாள், டக்கென்று ஒரு சத்தம், கோடு மறைந்துவிட்டது. ஆன் செய்ததும் ஒவ்வொரு லைட்டாக எரிந்து அணைந்து, நம்லாக் எரிந்து, திரையில் போர்டு கம்பெனியின் படம் வந்தது. அவள் போட்ட கூச்சலில் அம்மா அடுப்படியிலிருந்து ஓடி வந்துவிட்டார்கள்.

இரண்டாவது ரேமையும் நான்காவது இடத்தில் போட்டுவிட்டேன், 16 ஜிபி காட்டுகிறது. ஒரே ஒரு சந்தேகம், பெட்டியில் 3200 என்று போட்டிருக்கிறது, பயோஸில் 2400 என்று காட்டுகிறது. ஏமாற்றிவிட்டார்களா?

மலைக்கோட்டை, சனி மதியம் 2:41

வாழ்த்துகள் சகோ! ஏமாற்றவில்லை. ரேம் பெரும்பாலும் முதலில் பாதுகாப்பான வேகத்தில்தான் எழும்பும். பயோஸில் எக்ஸ்எம்பி என்றோ டிஓசிபி என்றோ ஒன்று இருக்கும், அதை ஆன் செய்தால் 3200 வரும். அண்ணாச்சி, பயோஸ் விஷயம் எனக்குத் தோன்றவே இல்லை, குறித்து வைத்துக்கொண்டேன்.

சால்டர்அண்ணாச்சி, சனி மாலை 3:10

அதை இன்றைக்குச் செய்ய வேண்டாம் தம்பி. முதலில் விண்டோஸ் போட்டு, டிரைவர் போட்டு, தங்கையின் மென்பொருளை ஏற்றி, திங்கட்கிழமை வேலை முடியட்டும். 2400-இலேயே அவளுக்குத் தாராளமாக ஓடும். அதன்பிறகு 3200 வைத்துப் பாருங்கள், டிஸ்ப்ளே போனால் பதற வேண்டாம், எஸ்எம்பிஎஸ் சுவிட்சை அணைத்து, போர்டில் இருக்கும் ரூபாய் நாணயம் மாதிரியான பேட்டரியைக் கழற்றி ஐந்து நிமிடம் கழித்துப் போட்டால் பழைய நிலைக்கே வந்துவிடும். அந்த பேட்டரி 2019-இல் போட்டதுதான், கடைக்குப் போகும்போது புதுசு ஒன்று வாங்கி வையுங்கள், சிஆர்2032 என்று கேளுங்கள்.