நிறுவனங்கள் கைவிட்ட வாக்குறுதிகள்: வடசென்னைக்கு இதில் என்ன நஷ்டம்?

தண்டையார்பேட்டை வாசகி:

அமெரிக்க நிறுவனங்கள் தாங்கள் கொடுத்த வாக்குறுதிகளிலிருந்து வரிசையாகப் பின்வாங்குகின்றன. 2024 நடுவில் 'டிராக்டர் சப்ளை' என்ற கடை நிறுவனமும் டிராக்டர் தயாரிக்கும் ஜான் டியரும் தொடங்கிவைத்தன. பிறகு ஃபோர்டு, வால்மார்ட். 2025 ஜனவரியில் மெக்டொனால்ட்ஸ், மெட்டா, டார்கெட். பெண்கள், கறுப்பினத்தவர், மாற்றுத்திறனாளிகள் என்று ஒதுக்கப்பட்டவர்களை உள்ளே கொண்டுவரப் போட்ட பன்முகத்தன்மைத் திட்டங்களை ஒவ்வொன்றாகச் சுருக்கினார்கள், சிலர் மூடியே விட்டார்கள். பருவநிலை விஷயமும் அப்படித்தான். கரியமில வாயுவைக் குறைக்க உதவுவோம் என்று வங்கிகள் 2021ல் தொடங்கிய நிகர பூஜ்ய வங்கிக் கூட்டணியிலிருந்து அமெரிக்காவின் ஆறு பெரிய வங்கிகளும் டிரம்ப் பதவியேற்பதற்கு முந்தைய சில வாரங்களுக்குள் வெளியேறின. 2025 அக்டோபரில் கூட்டணியே முடிவுக்கு வந்தது.

'அது அவர்கள் ஊர் அரசியல், நமக்கென்ன' என்று கேட்பவர்களுக்கு ஒன்று சொல்கிறேன். என் நாத்தனார் வியாசர்பாடிக்காரர். குழந்தை பிறந்தபின் வேலையை விட்டவர். வேலைக்குத் திரும்பும் பெண்களுக்கென்று ஒரு அமெரிக்க நிறுவனம் பழைய மகாபலிபுரம் சாலை அலுவலகத்தில் நடத்திய திட்டத்தில்தான் மீண்டும் வேலைக்குப் போனார். அந்த விண்ணப்பத்தில் முகவரிக்கு இடமே கிடையாது. தேர்வாளர்கள் கையில் இருந்தது ஒரு எண்ணும் அவர் எழுதிய விடைகளும் மட்டும். இப்போது அந்தத் திட்டம் இல்லை. அதே நிறுவனத்துக்கு அவர் தங்கை விண்ணப்பித்தபோது முதல் பக்கத்திலேயே தெரு, பகுதி, அஞ்சல் குறியீடு எல்லாம் கேட்டார்கள். வியாசர்பாடியின் 600039 என்று எழுதினால் என்ன ஆகும் என்பது இங்கே பலருக்குத் தெரியும். அதனால்தான் பெரியம்மா வீட்டு அண்ணாநகர் முகவரியைக் கொடுத்து விண்ணப்பிக்கிறார்கள்.

மணலி பொறியாளர்:

சகோதரி, உங்கள் நாத்தனார் விஷயம் உண்மையாகவே வருத்தமளிக்கிறது. ஆனால் நிறுவனத்தின் இடத்தில் நின்றும் பார்க்க வேண்டும். 2025 ஜனவரி 21 அன்று வந்த அதிபர் டிரம்ப்பின் ஆணை சும்மா மிரட்டல் இல்லை. அரசு ஒப்பந்தம் வைத்திருக்கும் நிறுவனம், தன்னிடம் சட்டவிரோதமான பன்முகத்தன்மைத் திட்டம் எதுவும் இல்லை என்று எழுதிக் கொடுக்க வேண்டும். அது பொய் என்று பின்னால் தீர்மானித்தால் மோசடி வழக்கு வரும். எது சட்டவிரோதம் என்பதை யார் தீர்மானிப்பார்? ஆட்சியில் இருப்பவர்தான். ஆயிரக்கணக்கானோருக்குச் சம்பளம் கொடுக்கும் நிர்வாகம் எதற்காக வலியப் போய்ச் சிக்கலில் மாட்ட வேண்டும்?

இன்னொன்று. திறமை பார்த்து எடுப்பதே நிறுவனத்தின் வேலை. சமூகத்தைத் திருத்துவது அரசின் வேலை. இரண்டையும் கலந்ததால்தான் இந்தக் குழப்பம்.

தண்டையார்பேட்டை வாசகி:

ஐயா, முகவரியை மறைத்தது திறமையை மட்டும் பார்ப்பதற்காகத்தானே? திறமைக்காக வாதாடுகிற நீங்கள் அந்தத் திட்டம் போனதற்கு என் பக்கம் நின்றல்லவா பேச வேண்டும்!

பயம் என்று சொன்னீர்கள். அமெரிக்கக் கடை நிறுவனமான காஸ்ட்கோவுக்கு அந்தப் பயம் இல்லையா? பன்முகத்தன்மைத் திட்டத்தால் என்ன அபாயம் என்று ஆராயச் சொல்லி அதன் பங்குதாரர் கூட்டத்தில் ஒரு தீர்மானம் வந்தது. அதே 2025 ஜனவரியில்தான். 98 சதவீதத்துக்கு மேல் எதிர்த்து வாக்களித்துத் தோற்கடித்தார்கள். நிற்க நினைத்தவர்கள் நின்றிருக்கிறார்கள்.

நெட்டுக்குப்பத்துக்காரன்:

இங்கே வாக்குறுதி போய்விட்டதே என்று வருந்துகிறார்கள். எங்களுக்கு அது எப்போது வந்தது?

2023 டிசம்பரில் புயல் வெள்ளத்தோடு மணலிப் பக்கமிருந்து எண்ணெய் வந்து எண்ணூர்க் கழிமுகத்தில் இறங்கியது. பக்கெட்டையும் குவளையையும் வைத்து நாங்கள்தான் அள்ளினோம். கையில் ஒட்டியது சோப்புக்குப் போகவில்லை, மண்ணெண்ணெய் போட்டுத் தேய்த்தோம். தோல் உரிந்தது. வலையில் ஏறியது எதற்கும் போகவில்லை, வலையையே தூக்கிப்போட்டோம். அதன்பிறகு பல மாதங்கள், எண்ணூர் இறால் என்றாலே காசிமேட்டில் முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள். அந்தச் சமயத்தில் இந்த வட்டாரத்தில் இருந்த எத்தனை கம்பெனிகளின் சுவரில் பச்சை இலை வரைந்திருந்தது தெரியுமா? அதை அழித்தால் எனக்கு ஒன்றும் போகப்போவதில்லை.

மணலி பொறியாளர்:

அண்ணன் சொல்வது நியாயம். இதையே நான் வேறு வழியில் சொல்கிறேன். கொசஸ்தலை ஆற்றில் நிலக்கரிச் சாம்பலைக் கலந்தது அரசின் அனல்மின் நிலையம். சட்டம் இருந்தது, மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் இருந்தது, 2022ல் பசுமைத் தீர்ப்பாயம் தீர்ப்பும் சொன்னது. ஆறு தெளிந்துவிட்டதா? அங்கே மணல்மேடு போலச் சாம்பல் கிடந்ததை நான் பார்த்திருக்கிறேன். நான் வேலை செய்யும் ஆலையில் கழிவுநீர்ச் சுத்திகரிப்புக்குப் புதிய இயந்திரம் வந்தது எப்படி என்று கேளுங்கள். எங்களிடம் சரக்கு வாங்கும் ஐரோப்பிய நிறுவனம் தணிக்கைக்கு ஆள் அனுப்பியது, கேள்வி கேட்டது, இயந்திரம் வந்தது. வாரியத்தின் கடிதங்கள் கோப்பில் கிடந்தன.

தண்டையார்பேட்டை வாசகி:

அப்படியானால் அந்த ஐரோப்பிய நிறுவனம் நாளை ஆள் அனுப்புவதை நிறுத்தினால் உங்கள் இயந்திரம் ஓடுமா? ஐரோப்பிய ஆணையமே 2025 பிப்ரவரியில் சுற்றுச்சூழல், தொழிலாளர் விஷயத்தில் நிறுவனங்களைக் கணக்குக் காட்ட வைக்கும் தன் நிலைத்தன்மை விதிகளைத் தளர்த்தும் முன்மொழிவை வைத்துவிட்டது. நீங்கள் ஆதரிக்கும் இந்தப் பின்வாங்கல் உங்கள் ஆலை வாசலுக்கே வந்து நிற்கிறது.

மணலி பொறியாளர்:

ஓடும் என்றுதான் நினைக்கிறேன். போட்ட முதலீட்டை யாரும் பிடுங்கி எறிய மாட்டார்கள். அடுத்த இயந்திரம் வருமா என்று கேட்டால் பதில் சொல்வது கடினம்.

பெரம்பூர் பழைய தொழிலாளி:

எல்லோரும் வாக்குறுதி நல்லதா கெட்டதா என்று பேசுகிறீர்கள். அது எப்போது, எதற்காகக் கொடுக்கப்பட்டது என்று பாருங்கள்.

2006ல் தனியார் துறையிலும் இடஒதுக்கீடு வேண்டும் என்ற பேச்சு டெல்லியில் சூடுபிடித்தது. உடனே தொழில் கூட்டமைப்புகள் ஓடிவந்தன. 'சட்டம் வேண்டாம், பட்டியல் சாதியினருக்கும் பழங்குடியினருக்கும் பயிற்சியும் வாய்ப்பும் நாங்களாகவே தருகிறோம்' என்று ஒரு நடத்தை விதியைத் தயாரித்தன. சட்டம் வரவில்லை. அந்த விதியின் பெயரைக் கேட்ட பிள்ளை ஒருவரை எங்கள் தெருவில் எனக்குக் காட்டுங்கள். அமெரிக்காவில் 2020ல் ஜார்ஜ் ஃபிளாய்ட் என்ற கறுப்பினத்தவர் போலீஸ் கையில் கொல்லப்பட்டு ஊரே தெருவுக்கு வந்தபோது, கறுப்பினத்தவரை வேலைக்கு எடுக்கக் கம்பெனிகள் இலக்கு அறிவித்தன. பிபி எண்ணெய் நிறுவனம், 2030க்குள் உற்பத்தியை 40 சதவீதம் குறைப்போம் என்றதும் அதே 2020ல்தான். 2023ல் அது 25 சதவீதமானது. 2025ல் எண்ணெய், எரிவாயு முதலீட்டையே கூட்டுவதாக அறிவித்துவிட்டார்கள். சட்டம் வந்துவிடுமோ என்ற அச்சம் இருக்கும்வரை வாக்குறுதி இருக்கும். சட்டம் வராமல் தடுக்கக் கொடுப்பதுதான் வாக்குறுதி. அச்சம் தீர்ந்தால் அதற்கும் வேலை தீர்ந்தது.

பின்னி மில் தொழிலாளர்கள் 1918ல் சென்னைத் தொழிலாளர் சங்கத்தைத் தொடங்கியது முதலாளியின் நல்ல மனதை நம்பியா?

மணலி பொறியாளர்:

ஐயா, அந்த அமெரிக்க ஆணை ரத்து செய்தது எதைத் தெரியுமா? அரசு ஒப்பந்ததாரர்கள் பாகுபாடு காட்டக்கூடாது என்று 1965ல் அதிபர் ஜான்சன் போட்ட ஆணையை. ஏறக்குறைய அறுபது வருடம் இருந்தது ஒரு கையெழுத்தில் போயிற்று. சட்டம் மட்டும் நிலைக்கும் என்று எதை வைத்துச் சொல்கிறீர்கள்?

பெரம்பூர் பழைய தொழிலாளி:

தம்பி, அது அதிபரின் ஆணை. நாடாளுமன்றம் போட்டது 1964ஆம் ஆண்டுக் குடிமை உரிமைகள் சட்டம், அது இன்னும் இருக்கிறது. நம் ஊரிலும் இதைப் பார்த்தோமே! சாதி, மத வாரியாக இடம் ஒதுக்கிய வகுப்புவாரி உரிமை என்பது சென்னை மாகாணத்தில் ஓர் அரசாணைதான். 1951ல் உச்ச நீதிமன்றம் அதைச் செல்லாது என்றது. மாகாணமே கொந்தளித்தது. அதே ஆண்டு அரசியல் சட்டத்தின் முதல் திருத்தம் வந்தது. 69 சதவீத இடஒதுக்கீட்டுக்கு ஆபத்து வந்தபோது சட்டமன்றத்தில் சட்டம் இயற்றி, நீதிமன்றத்திலிருந்து பாதுகாக்க 1994ல் அரசியல் சட்டத்தின் ஒன்பதாவது அட்டவணையில் சேர்த்தார்கள். சட்டம் தானாக நிலைக்காது, அதற்கும் ஆள் வேண்டும் என்பதை ஒப்புக்கொள்கிறேன். வாக்குறுதிக்குக் காவல் நிற்க நினைத்தாலும் வழியில்லையே. அதை எந்த நீதிமன்றத்தில் காட்டுவீர்கள்?

நெட்டுக்குப்பத்துக்காரன்:

பெரியவர் சொல்வதோடு ஒன்றைச் சேர்க்கிறேன். சட்டம் என்றதும் எங்களை நீதிமன்றத்துக்குப் போகச் சொல்கிறீர்கள். கடலுக்குப் போகாத நாளெல்லாம் எங்களுக்கு வருமானம் இல்லாத நாள். கருத்துக் கேட்புக் கூட்டம் என்று பந்தல் போடுகிறார்கள். எதிர்ப்பைச் சொல்கிறோம், பதிவாகிறது, அனுமதியும் வருகிறது. அந்தக் கூட்டத்தில் எங்கள் பேச்சுக்கு எடை இருக்கும்படி சட்டம் வரட்டும். பிறகு நான் பெரியவர் பக்கம்.

தண்டையார்பேட்டை வாசகி:

பெரியவர் சொன்ன வரலாற்றை மறுக்கவில்லை. ஆனாலும் சட்டம் வரும்வரை என் நாத்தனார் வீட்டில் உட்கார்ந்திருக்க வேண்டும் என்பதை என்னால் ஏற்க முடியாது. அரைகுறையாகத் திறந்த கதவு வழியாகத்தான் அவர் உள்ளே போனார். அதை மூடியவர்களைக் கேள்வி கேட்காமல் 'அது எப்போதுமே பொய்தான்' என்று சொன்னால், மூடியவர்களுக்கு அது வசதி.

பங்குச் சந்தையைக் கண்காணிக்கும் செபியின் விதிப்படி, சந்தையில் பட்டியலிட்ட முதல் 1000 நிறுவனங்கள் 2022-23 முதல் ஆண்டுதோறும் பொறுப்புணர்வு அறிக்கை தர வேண்டும். பெண்கள் எத்தனை பேர், மாற்றுத்திறனாளிகள் எத்தனை பேர், நிரந்தரம் இல்லாதவர்கள் எத்தனை பேர், எவ்வளவு கரியமில வாயு, எவ்வளவு தண்ணீர் எல்லாம் அதில் உண்டு. இதை வாக்குறுதி என்று விட்டுவிட்டுப் போக முடியாது, கட்டாயம். சாதிவாரிக் கணக்கை மட்டும் அது கேட்பதில்லை. கேட்க வைக்க வேண்டும். மணலி, எண்ணூர், திருவொற்றியூர் ஆலைகளில் இந்தப் பட்டியலுக்குள் வருபவை எவை என்று நான் தொகுக்கிறேன். பொறியாளர் ஐயா, உங்கள் ஆலையும் வருமானால், நிரந்தரம் இல்லாதவர்களின் எண்ணிக்கை வாசலில் நீங்கள் தினமும் பார்ப்பதோடு பொருந்துகிறதா என்று மட்டும் சொல்லுங்கள். பெயர் வேண்டாம்.

மணலி பொறியாளர்:

வருகிறது. பார்த்துவிட்டு எழுதுகிறேன்.