பார்க் ஃபேக்டர்: காரணியா, குறியெண்ணா?

வணக்கம்.
பேஸ்பால் சொற்பட்டியலில் ‘பார்க் ஃபேக்டர்’ இன்னும் நிரம்பவில்லை. ஓர் அரங்கின் அமைப்பு அங்கே எடுக்கப்படும் ஓட்டங்களை எவ்வளவு கூட்டுகிறது, குறைக்கிறது என்று காட்டும் எண் அது. ‘பூங்காக் காரணி’ என்றால் பூச்செடிதான் நினைவுக்கு வரும். ‘ஆடுகளக் காரணி’ என்றால் கிரிக்கெட் பிட்ச் என்று கொள்வார்கள். ‘அரங்கக் காரணி’ சரிவருமா?

----

> ‘அரங்கக் காரணி’ சரிவருமா?

அரங்கம் சரி, காரணிதான் இடிக்கிறது. வேலியின் தூரம், உயரம், காற்றின் அடர்த்தி ஆகியவையே காரணிகள். இது அவையெல்லாம் சேர்ந்து விளைவித்ததை அளக்கும் எண். ஓர் அணியின் சொந்த அரங்கில் 81 ஆட்டங்களில் இரு அணியும் சேர்ந்து 220 ஹோம் ரன் (பந்தை வேலிக்கு அப்பால் அடிப்பது), அதே அணி வெளியூரில் ஆடிய 81 ஆட்டங்களில் இரு அணியும் சேர்ந்து 200 என்று வைத்துக்கொள்ளுங்கள். 220ஐ 200ஆல் வகுத்து 100ஆல் பெருக்கினால் 110; அதாவது வெளியூரைவிட இங்கே 10 விழுக்காடு அதிகம். எதிரணி அடித்ததை விட்டுவிட்டால் அரங்கின் குணத்தோடு சொந்த அணியின் பலமும் கலந்துவிடும். பலரும் தவறுவது இங்கேதான்.

டென்வரின் கூர்ஸ் ஃபீல்டைப் பாருங்கள். கடல் மட்டத்துக்கு மேல் ஏறத்தாழ 5,200 அடி. காற்றின் அடர்த்தி ஐந்தில் ஒரு பங்கு குறைவு. அதற்கு ஈடாக நடுவேலியை 415 அடியில் வைத்தும் ஹோம் ரன் மழை ஓயவில்லை. 2002இல் பந்துகளை 50 விழுக்காடு ஈரப்பதமுள்ள அறையில் வைக்கத் தொடங்கினார்கள். வேலியும் மலையும் இருந்த இடத்திலேயே இருக்க, ஹோம் ரன் குறைந்தது. ஈரக்காற்று கனமாக இருந்து பந்தை இழுப்பதாக எழுதுவது தவறு. நீராவி கலந்த காற்று வறண்ட காற்றைவிட லேசானது. ஈரம் குறைப்பது பந்தின் துள்ளலை.

நுகர்வோர் விலைக் குறியெண் போலவே இதற்கும் ஒப்பீட்டு அடிப்படை 100. ஆகவே ‘அரங்கக் குறியெண்’ என்பது என் பரிந்துரை.

----

‘குறியெண்’ என்றதும் அஞ்சல் குறியெண் நினைவுக்கு வருமே என்று தயங்கினேன். விலைக் குறியெண் வழக்கில் ஊன்றிவிட்டதால் ஏற்கிறேன். ஆனால் எதற்கான குறியெண் என்பதையும் சேர்த்தே எழுதவேண்டும். பாஸ்டனின் ஃபென்வே அரங்கில் இடது மூலை பந்தடிப்பவரிடமிருந்து 310 அடிதான்; அங்கே நிற்கும் சுவரோ 37 அடி உயரம். உயரத் தூக்கி அடித்த பந்து சுலபமாகத் தாண்டிவிடும். தாழ்வாகச் சீறிப் போகும் பந்து, வேறு அரங்கில் ஹோம் ரன் ஆகியிருக்கும். இங்கே சுவரில் மோதி டபுளாக (அடித்தவர் இரண்டாம் தளம்வரை மட்டும் ஓடும் அடியாக) திரும்பும். ஓட்டக் குறியெண்ணும் ஹோம் ரன் குறியெண்ணும் ஒன்றல்ல. நியூயார்க் யாங்கி ஸ்டேடியத்தில் வலது மூலை 314 அடிதான் என்பதால், பந்தை வலப்பக்கம் இழுத்தடிக்கும் இடக்கை ஆட்டக்காரருக்குத் தனி எண் வேண்டும்.

----

உடன்படுகிறேன். விளக்கத்தில் ஆண்டையும் சேருங்கள். ஓராண்டு எண் மிகவும் ஊசலாடும் என்று மூன்றாண்டுச் சராசரி எடுப்பார்கள். பால்டிமோரின் கேம்டன் யார்ட்ஸில் 2022 பருவத்துக்கு முன் இடதுபக்கச் சுவரை 26 அடிவரை பின்னே தள்ளி, உயரத்தையும் 13 அடியாக்கினார்கள். 2021 முதல் 2023 வரை சராசரி எடுத்தால், அது இரண்டு வெவ்வேறு அரங்குகளைக் கூட்டி வகுத்த எண். சுவர் நகர்ந்த ஆண்டில் கணக்கைப் புதிதாகத் தொடங்கவேண்டும்.