பழைய கணப்பின் புகைபோக்கியிலேயே விறகு ஸ்டவ்வைப் பொருத்தலாமா?

விறகுவெட்டி:
ஒன்ராறியோவில் பீட்டர்பரோ பக்கம் பழைய செங்கல் வீடு ஒன்று வாங்கியிருக்கிறோம். ஹாலில் இருக்கும் திறந்த கணப்பை எரித்தால் விறகு தீர்கிறதே தவிர அறை சூடாகிற வழியைக் காணோம். அதனால் அதன் முன்னால் ஓர் இரும்பு ஸ்டவ் வைத்து, குழாயை அந்தப் புகைபோக்கிக்குள் விட்டுவிடலாம் என்று யோசனை. ஸ்டவ்வின் வாய் 6 அங்குலம். புகைபோக்கி வெளிச்சுவரோடு ஒட்டி ஏறுகிறது, உள்ளளவு 8க்கு 12. டாம்பரை (கணப்புக்கு மேல் புகைவழியை அடைக்கும் தகடு) தாண்டிக் கொஞ்சம் ஏற்றினால் போதும், லைனரெல்லாம் (புகைபோக்கிக்குள் இறக்கும் உள்குழாய்) வீண் செலவு என்கிறார் பக்கத்து வீட்டுக்காரர். சரிதானா?

கரிமூட்டை:
வேண்டாம். 6 அங்குல வட்டக் குழாயின் பரப்பு சுமார் 28 சதுர அங்குலம், உங்கள் புகைபோக்கி 96. அமெரிக்காவின் என்எஃப்பிஏ 211 தீப்பாதுகாப்பு விதி வெளிச்சுவர்ப் புகைபோக்கிக்கு ஸ்டவ் வாயின் பரப்பைப் போல இரண்டு மடங்கு வரைதான் ஒத்துக்கொள்கிறது, வீட்டுக்குள்ளேயே ஏறுவதற்கு மூன்று. உங்களுடையது அதையும் தாண்டுகிறது. அத்தனை பெரிய குளிர்ந்த கூட்டுக்குள் நுழைந்த புகை வேகம் குறைந்து ஆறிவிடும், இழுவை போய்விடும், புகையிலிருக்கும் ஈரமும் தாரும் சுவரில் கிரியோசோட்டாகப் படியும். முதலில் கரித்தூளாக உதிரும், போகப்போகப் பளபளவென்று கறுப்பாக இறுகிவிடும், அதற்கப்புறம் பிரஷ் போட்டாலும் வராது. அது பற்றிக்கொண்டால் 1000 டிகிரி செல்சியஸ் வரை போகும், உள்ளே இருக்கும் சுட்ட மண் குழல் பிளந்துவிடும். தவிர, குழாய் பாதியில் நின்றால் துடைக்கும் கரியெல்லாம் ஸ்டவ்வுக்குப் பின்னால்தான் விழும், ஒவ்வொரு முறையும் அந்த இரும்பை நகர்த்த வேண்டும்.

பனிக்கரடி:
அண்ணா சொல்வதுதான். ஸ்டவ் வாயிலிருந்து உச்சி மூடி வரை 6 அங்குலத் துருப்பிடிக்காத எஃகு லைனர் போடுங்கள், யூஎல்சி எஸ்635 (லைனருக்கான கனடியத் தரம்) முத்திரை இருக்கிறதா என்று பாருங்கள். வெளிச்சுவர் என்பதால் சுற்றி வெப்பக் காப்புப் போர்வையும் வேண்டும், இதில் மிச்சம் பிடிக்காதீர்கள். அப்புறம் காப்புறுதிக்காரர்கள் பெரும்பாலும் வெட் (WETT, விறகடுப்புப் பொருத்துதலுக்கான சான்று) பரிசோதனை அறிக்கை கேட்பார்கள். பக்கத்து வீட்டுக்காரர் கையெழுத்துப் போட்டுத் தருவாரா?

மொன்ட்ரியால்வாசி:
ஸ்டவ் வாங்குமுன் நகரசபையிடமும் கேளுங்கள். இங்கே 2018 அக்டோபரிலிருந்து மணிக்கு 2.5 கிராமுக்கு மேல் நுண்துகள் விடும் விறகடுப்பை எரிக்கவே கூடாது. மின்சாரம் மூன்று மணி நேரத்துக்கு மேல் போனால்தான் விலக்கு.

விறகுவெட்டி:
சரி, லைனர்தான். ஆனால் டாம்பர் வாய் நாலரை அங்குலம்கூட இல்லையே, எப்படி இறங்கும்?

கரிமூட்டை:
பழைய டாம்பர் தகட்டைக் கழற்றிவிட்டு, சட்டத்தை அறுத்து இடம் பண்ணுவார்கள். முடியாவிட்டால் அந்த இடத்துக்கு மட்டும் முட்டை வடிவ லைனர் கிடைக்கும், குறுக்குப் பரப்பு குறையாத அளவைக் கேட்டு வாங்குங்கள். மிச்ச இடைவெளியை இரும்புத் தகடு வெட்டி அடைத்து மேலே கல்கம்பளி (ராக்வூல்) வைக்கச் சொல்லுங்கள், இல்லாவிட்டால் சூடு முழுக்க மேலே போய்விடும். கண்ணாடியிழைப் பஞ்சு வேண்டாம், அந்தச் சூட்டுக்குத் தாங்காது.