யூதர்கள் ஏன் ஆளை எண்ண மாட்டாங்க?

நியூஜெர்சி வாசி:
மக்களே, என்கூட வேலை பாக்குற யூத நண்பரோட அப்பா போன வாரம் தவறிட்டாரு. ஏழு நாள் துக்கம், ஷிவான்னு சொல்றாங்க, கேக்கப் போயிருந்தேன். சாயங்கால ஜெபத்துக்குப் பத்து பேர் வேணுமாம். ஒரு பெரியவர் ஒன்னு ரெண்டுன்னு எண்ணாம ஆளாளுக்கு ஒரு ஹீப்ரு வார்த்தையா சொல்லிக்கிட்டே வந்தாரு, ஒன்பதோட நின்னுட்டாரு. யாருக்கோ போன் போட்டாங்க, கொஞ்ச நேரத்துல ஒரு பையன் ஜிம் ட்ரெஸ்ஸோட மூச்சு வாங்க ஓடி வந்தான், குல்லாவ மாட்டிக்கிட்டான், அப்பதான் நண்பரால கதீஷ்ங்கிற துக்க ஜெபத்தைச் சொல்ல முடிஞ்சுது. எண்ணக்கூடாதுன்னா அப்புறம் பத்துன்னு கணக்கு எதுக்கு?

ஸ்டீபன்:
அந்தப் பெரியவர் சொன்னது பைபிள்ல சங்கீதம் 28ல கடைசி வசனம் ப்ரோ, ஹீப்ருல சரியா பத்து வார்த்தை. யாத்திராகமம் 30 பாருங்க, ஆள எண்ணாம தலைக்கு அரைச் சேக்கல் வாங்கி காசத்தான் எண்ணனும், பணக்காரன் கூட்டியும் ஏழை குறைச்சும் குடுக்கக்கூடாது. தாவீது ராஜா படைபலம் தெரிஞ்சுக்க ஜனத்தை எண்ணினதுக்கு கொள்ளைநோய்ல 70,000 பேர் செத்தாங்க. மிஷ்னான்னு அவங்க பழைய சட்டத் தொகுப்புல இன்னொன்னு வரும், மனுஷன் ஒரே அச்சுல காசு அடிச்சா எல்லாம் ஒரே மாதிரி இருக்கும், கடவுள் ஆதாமோட ஒரே அச்சுல எல்லாரையும் அடிச்சும் ஒருத்தர் மாதிரி ஒருத்தர் இல்லன்னு. எனக்கு ரொம்பப் பிடிச்ச இடம் அது.

மீனா:
பத்துலதாங்க விஷயமே. ஒன்பது ரப்பி, அதாவது மத குரு, சேந்தாலும் மின்யான், அதான் ஜெபத்துக்கு வேண்டிய பத்து பேர் கூட்டம், ஆகாது, செருப்பு தைக்கிறவங்க பத்து பேர் வந்தா ஆயிடும்னு அவங்ககிட்ட பழமொழியே இருக்கு. எவ்ளோ படிச்சவனா இருந்தாலும் ஒரு ஆள்தான். ஆனா ஆர்த்தடாக்ஸ்னு பழைய முறைய விடாத பிரிவுக்காரங்க பொம்பளைங்கள இதுல சேக்க மாட்டாங்க, மத்த பிரிவு பலதுல சேக்குறாங்க, அத சொல்லாம விடவும் எனக்கு மனசு வரல.

ஸ்டீபன்:
நியாயம்தான் அக்கா. சாவு வீடுன்னதும் ஞாபகம் வருது, மிஷ்னாவுக்கு விளக்கமா வந்த தல்மூதுல ஒரு சேதி. ஒரு காலத்துல அடக்கச் செலவு சாவை விட பெரிய பாரமாகி சொந்தக்காரங்க பொணத்தைப் போட்டுட்டு ஓடிருக்காங்க. ரப்பான் கமாலியேல் தலைவர் ஸ்தானத்துல இருந்தவர், என்னை சாதா லினன் துணியிலயே எடுத்துட்டுப் போங்கன்னுட்டாரு. அதுலேர்ந்து எல்லாரும் அப்படியே. இன்னிக்கும் கோடீஸ்வரனுக்கும் ஒன்னுமில்லாதவனுக்கும் ஒரே வெள்ளைத் துணிதான், அதுல பாக்கெட்டும் கிடையாது.

நியூஜெர்சி வாசி:
ரொம்ப நன்றிங்க ரெண்டு பேருக்கும். அந்தப் பையனுக்கு இறந்தவர் யாருன்னே தெரியாதாம். கிளம்பும்போது நண்பர் கையப் புடிச்சு "நாளைக்கும் ஆள் குறைஞ்சா கூப்பிடுங்க"ன்னு சொல்லிட்டுப் போனான்.