வெள்ளைத் துணிக்குள் நிற்பவர் வீட்டை விட்டுப் போகவே மாட்டாரா?

மோல்மேன் மகள் எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். பர்மாவின் மோல்மேன் ஊரிலிருந்து எழுதுகிறேன். படத்தின் முடிவு வரை பேச வேண்டியிருப்பதால், இன்னும் பார்க்காதவர்கள் பார்த்துவிட்டு வந்து இதைப் படிக்கலாம். டேவிட் லவுரி இயக்கி 2017-இல் வெளிவந்த ‘எ கோஸ்ட் ஸ்டோரி’ என்ற அமெரிக்கப் படத்தைச் சென்ற வாரம் பார்த்தேன். பென் டிரைவில் போட்டுக் கொடுத்த பக்கத்து வீட்டுப் பெண், பேய்ப் படம் என்று சொன்னார்கள், பயப்பட ஒன்றுமே இல்லை என்று அலுத்துக்கொண்டாள். எனக்கோ 92 நிமிடப் படத்தை மூன்று இரவுகளில்தான் பார்த்து முடிக்க முடிந்தது. மின்சாரம் போய்ப் போய் வந்தது ஒரு காரணம் மட்டுமே.

கதை சிறியது. கணவன், மனைவி இருவருக்கும் படத்தில் பெயரே சொல்லப்படுவதில்லை. வீட்டருகே நடந்த கார் விபத்தில் கணவன் இறந்துபோகிறான். மருத்துவமனையில் அவன்மேல் போர்த்திய வெள்ளைத் துணியோடே எழுந்து உட்காருகிறான்; சுவரில் வெளிச்சமாக ஒரு வாசல் திறந்தும் அதில் நுழையாமல் வீட்டுக்கு நடந்தே வருகிறான். கண்ணுக்கு இரண்டு துளைகள் வெட்டிய அந்தத் துணியைத் தவிர நமக்குக் காட்டப்படுவது எதுவுமில்லை. மனைவி அழுவதையும் வெளியே போய்வரத் தொடங்குவதையும், கடைசியில் வீட்டைக் காலி செய்வதையும் அவன் ஒரு மூலையில் நின்று பார்த்துக்கொண்டே இருக்கிறான்.

என் தந்தையார் காலமாகி நான்கு மாதங்கள் ஆகின்றன. கருமாதி முடிந்து உறவினர்கள் தாட்டோனுக்கும் பெகுவுக்கும் திரும்பிய மறுநாள், எதிர்வீட்டு மோன் இனத்து அம்மா ஒரு தூக்குச் சட்டி நிறைய மொய்ங்கா என்ற பர்மிய மீன் நூடுல்ஸ் கொண்டுவந்து வைத்துவிட்டுப் போனார். நான்கு பேர் சாப்பிடக்கூடிய அளவு. நான் அடுப்படித் தரையில் உட்கார்ந்து, பசியே இல்லாமல், சட்டி காலியாகும்வரை தின்றேன். இதை இதுவரை யாரிடமும் சொன்னதில்லை. படத்தில் அந்தப் பெண், யாரோ வைத்துவிட்டுப் போன ‘சாக்லேட் பை’ (pie) என்ற இனிப்புப் பண்டத்தைத் தரையில் உட்கார்ந்து முள்கரண்டியால் குத்திக் குத்தித் தின்று, பிறகு ஓடிப்போய் வாந்தி எடுக்கும் காட்சியில் நான் கணினியை மூடிவிட்டேன்.

இப்போது வீட்டில் நான் ஒருத்திதான். கிள்ளானில் இருக்கும் தம்பி, வீட்டை விற்றுவிட்டு மலேசியாவுக்கு வந்துவிடு என்கிறான். அப்பாவின் லுங்கி இன்னும் கதவுக்குப் பின்னால் தொங்குகிறது. என் கேள்வி இதுதான்: அந்த மனைவி வீட்டை விட்டுப் போவதை இயக்குநர் எப்படிப் பார்க்கிறார்? அவள் செய்தது தவறு என்று படம் சொல்கிறதா?

பெகு ரசிகன் எழுதியது:

சகோதரி, தந்தையாரின் மறைவுக்கு என் ஆழ்ந்த வருத்தத்தைத் தெரிவித்துக்கொள்கிறேன். படத்தைப் பற்றி மட்டும் எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன்.

படம் ஏறத்தாழச் சதுரமான சட்டத்தில், மூலைகள் வளைந்து, பழைய ஆல்பத்தில் ஒட்டிய புகைப்படம் போலத் தெரிவதைக் கவனித்திருப்பீர்கள். பேய் அந்தச் சட்டத்துக்குள் அடைபட்டிருக்கிறது, மனைவி அடைபடவில்லை. நீங்கள் மூடிவிட்ட அந்தக் காட்சியில் கேமரா நகர்வதே இல்லை, சில நிமிடங்கள் நமக்கு மூச்சு முட்டுகிறது. அதற்கு நேர்மாறாக, அவள் வாசலைத் தாண்டி வேலைக்குப் போகும் காட்சியில், ஒரே இடத்தில் நின்று பார்க்கும்போதே பல நாட்கள் ஒன்றன்மேல் ஒன்றாக ஓடிவிடுகின்றன. தரையில் உட்கார்ந்திருந்தபோது அவளுக்கு நகராத காலம் பிறகு நகரத் தொடங்குகிறது. மூலையில் நிற்பவனுக்கோ மாதமும் நிமிடமும் ஒன்றாகிவிடுகின்றன. இதில் குற்றச்சாட்டு ஏதும் எனக்குத் தெரியவில்லை.

இன்னொன்றையும் நினைவுபடுத்திக்கொள்ளுங்கள். கணவன் உயிரோடிருந்தபோதே அவர்களுக்குள் இருந்த மனத்தாங்கல் இந்த வீட்டைப் பற்றியதுதான். அவள் வேறு வீட்டுக்குப் போகலாம் என்கிறாள், அவனுக்கு மனம் வரவில்லை. ஆக, சாவு அவனை அங்கே கட்டிவைக்கவில்லை. அவனே முன்பே கட்டுண்டு கிடந்தான். அவளோ சிறு வயதிலிருந்து அடிக்கடி வீடு மாறியவள். ஒவ்வொரு வீட்டிலும் ஒரு சிறு சீட்டு எழுதி எங்காவது மறைத்துவைத்துவிட்டுப் போவது அவள் பழக்கம். இந்த வீட்டிலும் நிலைப்படி விரிசலில் ஒன்றைச் செருகி, மேலே வண்ணம் பூசிவிட்டுத்தான் போகிறாள். அவன் அதைச் சுரண்டிச் சுரண்டி, வீடு இடிந்து, காலமே ஒரு சுற்றுச் சுற்றி வந்த பிறகு எடுத்துப் படிக்கிறான்; துணி தரையில் சரிகிறது. என்ன எழுதியிருந்தது என்று நமக்குக் காட்டுவதில்லை.

தாய்லாந்து இயக்குநர் அபிச்சாட்போங்கின் ‘அங்கிள் பூன்மி’யையும் பார்க்கப் பரிந்துரைக்கிறேன், 2010-இல் கான் திரைப்பட விழாவில் தங்கப்பனை என்ற முதற்பரிசு பெற்ற படம். சிறுநீரக நோயாளியான பூன்மி இரவுச் சாப்பாட்டில் இருக்கும்போது, பல ஆண்டுகளுக்கு முன் இறந்துபோன மனைவி மேசையருகே மெல்ல மெல்லத் தெரியத் தொடங்குகிறாள். முதல் திகைப்பு அடங்கியதும் விருந்தாளியை உபசரிப்பது போலப் பேசுகிறார்கள். ஆவிகள் இடத்தைப் பற்றிக்கொண்டிருப்பதில்லை, உயிரோடிருக்கும் மனிதர்களைப் பற்றிக்கொண்டிருக்கின்றன என்ற பொருளில் அவள் ஒரு வார்த்தை சொல்வாள். நமக்கு அண்டை நாட்டுப் படம் என்பதாலோ என்னவோ, எனக்கு அமெரிக்கப் படத்தைவிட இது நெருக்கமாக இருக்கிறது.

தாட்டோன் வாத்தியார் எழுதியது:

எனக்கு இந்தப் படத்தின்மேல் அவ்வளவு மதிப்பு இல்லை என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். விருந்துக் காட்சியில் ஒரு மனிதர் பிரபஞ்சமே அழிந்துபோகும் என்று நெடுநேரம் பேசுவது, மௌனத்தை நம்பி எடுத்த படத்துக்குத் தேவையற்ற சுமை. மேலும் அந்தப் பேயைப் பார்த்து எல்லோரும் இரக்கப்படுகிறார்கள்; பிறகு குடிவந்த, ஸ்பானிஷ் பேசும் தாயையும் இரண்டு குழந்தைகளையும் தட்டுகளை வீசி எறிந்து நடுங்க வைத்தது அதே பேய்தான். துக்கம் நல்லவரையும் இப்படி ஆக்கும் என்பது உண்மை. அதை மட்டும் படம் சரியாகப் பிடித்திருக்கிறது. மகளே, வீட்டை விற்பதைத் தலைத்திவசம் வரை தள்ளிப்போடுங்கள். நான்கு மாதத்தில் எடுக்கும் முடிவு உங்களுடையதாக இருக்காது.

ரங்கூன் கிழவர் எழுதியது:

அம்மா, எனக்கு எழுபத்தாறு வயது. பேரன் போட்டுக் காட்டியதால் இந்தப் படத்தைப் பார்த்தேன். எனக்கு மனத்தில் நின்றது நீங்கள் யாரும் சொல்லாத ஒரு காட்சி. பக்கத்து வீட்டு ஜன்னலில் பூப்போட்ட துணியோடு இன்னொரு பேய் நிற்கிறது. ஒருவருக்காகக் காத்திருக்கிறேன் என்கிறது. யாருக்காக என்று கேட்டால், நினைவில்லை என்கிறது. குரல் கூட இல்லை, எழுத்தில்தான் வருகிறது.

என் பாட்டியின் தம்பி 1942-இல், ஜப்பானியர் குண்டு போட்ட பிறகு, லட்சக்கணக்கான நம்மவர்களைப் போலக் கால்நடையாக இந்தியாவுக்குப் புறப்பட்டவர். ஊர் போய்ச் சேர்ந்ததாகவும் சேதி இல்லை, வழியில் இறந்ததாகவும் சேதி இல்லை. சேதி இல்லாததால் கருமாதியும் செய்யவில்லை. பாட்டி தினமும் விளக்கு வைக்கும் நேரத்தில் திண்ணையில் வந்து உட்காருவார். 1964-இல் கடைகளையெல்லாம் அரசு எடுத்துக்கொண்டு நம் தெருவில் பாதிப்பேர் கப்பலேறியபோது, நாமும் போகலாம் என்று அப்பா எவ்வளவோ சொல்லியும், அவன் வந்தால் வீடு தெரியாமல் போய்விடும் என்று பாட்டி மறுத்துவிட்டார். நாங்கள் இந்த நாட்டிலேயே தங்கியதற்கு அது ஒன்றுதான் காரணம். கடைசி இரண்டு மூன்று ஆண்டுகளில் அவருக்கு நினைவு தப்பிவிட்டது. அப்போதும் அதே நேரத்துக்குத் திண்ணைக்கு வருவார். யாரைப் பார்க்கிறீர்கள் பாட்டி என்று கேட்டால், எரிச்சலோடு என்னை ஒரு முறை பார்த்துவிட்டு மறுபடி தெருவைப் பார்ப்பார். அந்தப் பூப்போட்ட துணியைப் பார்த்ததும் பேரனிடம் படத்தை நிறுத்தச் சொல்லிவிட்டேன்.

பர்மியர்கள் ஏழு நாள் கதவைத் திறந்துவைத்து, ஏழாம் நாள் பிக்குகளுக்கு அன்னமிட்டு உயிரை அனுப்பிவைக்கிறார்கள். நாம் பதினாறு நாள் எடுத்துக்கொள்கிறோம். நாள் கணக்கு எதுவானாலும், போய்வாருங்கள் என்று சொல்லும் ஒரு நாள் வைத்திருக்கிறோம். பாட்டிக்கு அந்த ஒரு நாள் கிடைக்கவில்லை. உங்களுக்குக் கிடைத்திருக்கிறது.

பூன்மி படத்தை நான் பார்த்ததில்லை. ஆனால் இடமா மனிதரா என்ற கேள்விக்கு நம்மவர்கள் வேறொரு வழி வைத்திருந்தார்கள். குலதெய்வக் கோயிலிலிருந்து ஒரு பிடிமண் எடுத்து மடியில் கட்டிக்கொண்டு கப்பலேறி, வந்த ஊரில் அதை வைத்துக் கோயில் எழுப்பினார்கள். அங்கிருந்த சாமி அங்கேயும் இருந்தது, இங்கேயும் வந்தது.

மோல்மேன் மகள் எழுதியது:

பெரியவருக்கும் மற்ற இருவருக்கும் நன்றி. வாத்தியார் ஐயா சொன்னபடி தலைத்திவசம் வரை எதுவும் செய்வதில்லை என்று தம்பியிடம் சொல்லிவிட்டேன். அவனும் வற்புறுத்தவில்லை.

பிடிமண்ணைப் பற்றிப் படித்ததும் ஒன்று நினைவுக்கு வந்தது. இந்தத் தேக்கு வீட்டை எங்கள் தாத்தா ஒரு பர்மியக் குடும்பத்திடம் வாங்கினார். வீட்டைக் காக்கும் ‘நாட்’ என்ற பர்மிய ஆவித் தெய்வமான மின் மகாகிரிக்கு அவர்கள் சிவப்புத் துணி சுற்றிக் கட்டிவைத்த தேங்காய் தூணில் தொங்கியது. நெருப்பில் வெந்து இறந்தவர், இளநீர்க் குளிர்ச்சி வேண்டும் என்பார்கள். சைவரான என் அப்பா அதைக் கழற்றவில்லை. நமக்கு முன்னாலிருந்தே இருக்கிறவர் என்று சொல்லி, ஆண்டுக்கொரு முறை தேங்காயை மாற்றிக்கொண்டிருந்தார். இந்த ஆண்டு மாற்றவேண்டிய நாள் தாண்டிவிட்டது. நேற்றுச் சந்தையில் காயும் துணியும் வாங்கிவந்து, முக்காலி போட்டு ஏறிப் பழையதை இறக்கினேன். நீர் வற்றி லேசாக இருந்தது. அதன் பின்னால், தூணில், அப்பா பென்சிலால் ஒவ்வொரு ஆண்டும் மாற்றிய தேதியை ஒன்றன்கீழ் ஒன்றாக எழுதிவைத்திருக்கிறார். கடைசி மூன்று தேதிகளில் கை நடுங்கியிருக்கிறது. பென்சில் தேடி எடுத்து, அவற்றின் கீழே நேற்றைய தேதியை எழுதிவிட்டு, புதுக்காயைக் கட்டினேன்.

அந்த ‘பூன்மி’ படம் ரங்கூனில் யாரிடமாவது இருந்தால் தெரிவியுங்கள். அடுத்த மாதம் அங்கே வருகிறேன்.